பெரட்டு மணிக்கு முன்னே

ஊருக்கு உபதேசம் செய்ய நான் சாமியாரும் அல்லன், உபதேசியாரும் அல்லன். தோட்டத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, பிழைப்புக்காகப் பட்டணத்துப் பக்கம் வந்து, ஒரு தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் பெற்றோர் எனக்கு விட்டுச் சென்ற ஒரு சொத்தை நான் எப்படித் தொலைத்தேன், அதில் ஒரு பங்கையாவது எப்படி மீட்டேன் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அந்தச் சொத்து காணி நிலமும் அல்ல, நகை நட்டும் அல்ல. வீட்டில் கூடி ஜெபம் சொல்லும் வழக்கம்தான் அது.

எங்கள் தோட்டத்தில் காலை 5 மணிக்குப் பெரட்டு மணி அடிக்கும். மணி என்றதும் கோயில் மணியை எண்ணிவிட வேண்டாம். ஆபீசுக்கு முன்னால் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு அது. அதன் ஓசை கேட்பதற்கு அரை மணி நேரம் முன்னதாகவே எங்கள் லயத்து வீட்டில் அடுப்பு எரியும். அடுப்பில் கோப்பித் தண்ணீரை வைத்துவிட்டு, அம்மா சுவரில் மாட்டியிருந்த இயேசுவின் திரு இருதயப் படத்துக்கு முன்னால் போய் நிற்பார். பால் வெட்டுக்குப் போகும் பழைய சட்டையோடும், தலையில் கட்டிய துண்டோடும்தான் நிற்பார். சிலுவை அடையாளம் வரைந்து, ஒரு பரலோக மந்திரமும் மூன்று அருள்நிறை மந்திரமும் சொல்வார். பிறகு எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். அதற்குள் தண்ணீர் கொதித்துவிடும். அம்மாவின் காலை ஜெபம் அவ்வளவுதான். ஆனால் அது தவறிப் போன ஒரு நாளையும் நான் கண்டதில்லை.

இரவு ஜெபம் கொஞ்சம் நீளம். ஏழரை மணிக்கெல்லாம் பாய் விரித்து அப்பா முழந்தாளிடுவார். தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தபோது தகரப் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்த ஜெபமாலை அவர் கையில் இருக்கும். ஜெபமாலையில் பத்துப் பத்தாக ஐந்து பகுதிகள். தொடக்கத்தில் சொல்லும் மூன்றையும் சேர்த்தால் மொத்தம் 53 அருள்நிறை மந்திரங்கள். மூன்றாம் பத்துக்குள் நான் தூங்கி விழுவேன். அக்கா தொடையில் கிள்ளுவாள். பக்கத்து வீட்டு அத்தை மாரியம்மன் படத்துக்கு விளக்கேற்றுகிறவர். எங்கள் ஜெபம் முடியும்வரை தம் பிள்ளைகளைக் கூச்சல் போட விடமாட்டார். அந்த வீட்டில் விளக்கேற்றும் நேரம் எங்கள் வீட்டிலும் அடக்கம் இருக்கும். இதை யாரும் சட்டம் போட்டு நடத்தவில்லை.

கோயிலோ எங்களுக்கு எட்டுக் கட்டை தூரம். சாமியார் மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் சைக்கிளில் வந்து ஜெபம் நடத்துவார். ஆகவே எங்கள் விசுவாசத்தைக் கட்டிக் காத்தது பெரும்பாலும் அந்த அடுப்பங்கரையும் அந்தப் பாயும்தான்.

இதைச் சொல்லும்போது அந்தக் காலத்து மனிதர்கள் எல்லாரும் புனிதர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. என் அப்பா முன்கோபி. சம்பளத்தன்று கள்ளுக்கடைப் பக்கம் போய் வருவதும் உண்டு. அப்படிப்பட்ட இரவுகளில் அவர் ஜெபத்தை நடத்த மாட்டார், அம்மாதான் நடத்துவார். ஆனால் அப்பா சுவரோரமாக வந்து உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு பதில் சொல்வார். அவருடைய தகுதியைப் பார்த்து ஜெபம் நடக்கவில்லை. நேரம் வந்தது, நடந்தது. இந்த உண்மை எனக்குப் புரிய அறுபது வயது ஆக வேண்டியிருந்தது.

கவனத்தைக் கலைக்கும் பொருள்கள் அந்தக் காலத்தில் இல்லாமலும் இல்லை. நம் நாட்டில் 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி தொலைக்காட்சி தொடங்கியது. சில ஆண்டுகள் கழித்து எங்கள் தோட்டத்து மண்டபத்திலும் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது. தமிழ்ப் படம் காட்டும் நாளில் லயமே காலியாகிவிடும். அப்பா என்ன செய்தார் தெரியுமா? படத்தைப் பார்க்கக் கூடாது என்று தடுக்கவில்லை. அன்றைக்கு மட்டும் ஜெபத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார். நாங்களும் என்றுமில்லாத பக்தியோடு 53 மந்திரங்களையும் வேகமாகச் சொல்லி முடித்துவிட்டு மண்டபத்துக்கு ஓடுவோம்! ஆனால் அந்தப் பெட்டி மண்டபத்திலேயே இருந்தது. எங்கள் பாய்க்கும் தலையணைக்கும் அது வரவில்லை.

பிறகு காலம் மாறியது. ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். லயங்கள் காலியாயின. நானும் தொழிற்சாலை வேலைக்கு வந்தேன். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறி மாறி வேலை. திருமணமான புதிதில் நானும் மனைவியும் இரவில் ஜெபமாலை சொல்வோம். பிள்ளைகள் பிறந்ததும் அது ஒரு பத்தாகச் சுருங்கியது. பிறகு சனிக்கிழமைக்கு மட்டும் என்றானது. பிறகு திருநாளுக்கு மட்டும் என்றானது. எந்த நாளில் நின்றது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நிறுத்தியிருந்தால் அல்லவா தேதி இருக்கும்? அது தானாக ஒழுகிப் போயிற்று.

அதன் பின் வந்தது கைப்பேசி. காலையில் கண் விழித்ததும் கை அதைத்தான் தேடும். இரவில் கண் மூடும்வரை அதுதான் முகத்துக்கு நேரே ஒளிரும். அம்மா திரு இருதயப் படத்துக்கு முன் நின்ற நேரத்தையும், அப்பா பாய் விரித்த நேரத்தையும் அது பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டது. இதை நான் அப்போது கவனிக்கவே இல்லை. என்னைக் கவனிக்க வைத்தது என் அம்மாவின் மரணம்.

2018-ஆம் ஆண்டு, தம் 84-ஆம் வயதில், அம்மா எங்கள் வீட்டில் படுக்கையாகக் கிடந்தார். சாமியார் வந்து நோயில் பூசுதல் கொடுத்துவிட்டுப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. பின்னிரவு மூன்று மணி இருக்கும். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. நானும் மனைவியும் மகளும் பக்கத்தில் இருந்தோம். அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஜெபம் சொல்லுய்யா."

நான் ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். சிலுவை அடையாளம் வரைந்து விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கினேன். பாதி தூரம் போனதும் அடுத்த வரி வரவில்லை. மறுபடியும் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அதே இடத்தில் மறுபடியும் நின்றது. சிறு வயதில் தூக்கத்திலும் சொன்ன ஜெபம் அது! மனைவியைப் பார்த்தேன், அவளுக்கும் அழுகையில் எதுவும் ஓடவில்லை. கைப்பேசியை எடுத்துத் தேடினேன். கை நடுங்கியது. எதையோ தொடப் போய் எதுவோ திறந்துகொண்டது. ஏதோ ஒரு சாமானை விற்கிற விளம்பரம், பாட்டும் கூத்துமாக, என் தாய் சாகக் கிடந்த அந்த அறையில் அலறியது. மகள் பாய்ந்து வந்து அதைப் பிடுங்கி அணைத்தாள்.

அந்த அமைதியில் ஒரு முணுமுணுப்புக் கேட்டது. அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நான் விட்ட இடத்திலிருந்து அவர் தாமாகவே சொல்லிக்கொண்டு போனார். விடியுமுன் அவர் உயிர் பிரிந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள், "புண்ணியவதி, ஜெபம் சொல்லிக்கொண்டே போனாங்க" என்று பாராட்டினார்கள். எனக்கு ஒவ்வொரு சொல்லும் முள்ளாகக் குத்தியது. அம்மாவுக்கு என் ஜெபம் தேவைப்படவில்லை, அவரிடமே இருந்தது. எனக்கு அந்த நாள் வரும்போது? என் உதட்டில் என்ன இருக்கும்? என் பக்கத்தில் இருக்கும் மகளுக்கும் பேரனுக்கும் என்ன தெரிந்திருக்கும்? தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்ட முடியுமா?

முப்பது நாள் பூசை முடிந்ததும் வீரத்தோடு ஆரம்பித்தேன். இனித் தினமும் இரவு முழு ஜெபமாலை, யாரும் தப்பிக்கக் கூடாது என்று வீட்டில் அறிவித்தேன். முதல் இரண்டு நாள் நன்றாக நடந்தது. மூன்றாம் நாள் மனைவி உட்கார்ந்தபடியே தூங்கினாள். பேரன் அழுதான். மகள் மடியில் கைப்பேசியை மறைத்து வைத்துப் பார்ப்பதை நான் பார்த்துவிட்டேன். ஜெபத்தை நடுவில் நிறுத்தித் திட்டினேன். அடுத்த நாளும் திட்டினேன். ஒன்பதாம் நாள் மகள் பொறுக்க முடியாமல் கேட்டாள்:

"ஏம்ப்பா, எங்களை ஜெபத்துக்குக் கூப்பிடுறீங்களா, பஞ்சாயத்துக்குக் கூப்பிடுறீங்களா?"

பத்தாம் நாள் யாரும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

2019 ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குப் போனோம். ஜூலை 26 அவருடைய திருநாள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தமிழர், சீனர், சபா சரவாக் மக்கள் என்று எங்கெங்கிருந்தோ வந்து கூடும் இடம். சிறு பிள்ளையாக இருந்தபோது, ஓராண்டு முழுதும் உண்டியலில் காசு சேர்த்து, லாரியில் ஏறி அங்கே போயிருக்கிறோம். சுரூபத்தைச் சுமந்துகொண்டு மெழுகுவத்திப் பவனி வந்தது. கைப்பேசியை உயரத் தூக்கிப் படம் எடுத்தேன். சுரூபம் என்னைக் கடந்து போன பிறகுதான் புரிந்தது: நான் சுரூபத்தைப் பார்க்கவில்லை, கண்ணாடித் துண்டைத்தான் பார்த்தேன். என் கையில் கொடுத்திருந்த மெழுகுவத்தி எரியாமலே இருந்தது. அம்மாவுக்காக ஒரு மந்திரம் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போனேன். அதைச் சொல்லவே இல்லை. எடுத்த படத்தை இன்றுவரை திரும்பப் பார்க்கவும் இல்லை.

2020 மார்ச் 18-ஆம் தேதி நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கோயில்கள் மூடப்பட்டன. ஞாயிறு பூசை கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் வந்தது. அந்த நாள்களில் அது பெரிய ஆறுதல் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டு நிலவரம் என்ன? நான் சாய்வு நாற்காலியில் கோப்பிக் குவளையோடு இருந்தேன். மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நற்செய்தி வாசிக்கும் நேரம் வந்ததும், பழக்க தோஷத்தால், "எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்றேன். அப்போது ஐந்து வயதாயிருந்த பேரன் கேட்டான்:

"தாத்தா, சாமியாரு நம்மளப் பார்க்கிறாரா?"

"இல்லைய்யா."

"அப்புறம் ஏன் எந்திரிச்சு நிக்கணும்?"

எனக்குப் பதில் வரவில்லை. யார் பார்க்கிறார் என்று நினைத்து என் அம்மா அந்த இருட்டில், அடுப்பு வெளிச்சத்தில், தனியே நின்றார்? அந்தக் குழந்தைக்கு அதைக் காட்டியிருந்தால் அவன் இப்படிக் கேட்டிருப்பானா? அவன் கண்ட ஜெபமெல்லாம் திரையில் ஓடுகிற ஒன்று. திரையில் ஓடுவதைப் பார்க்கத்தானே வேண்டும்!

அன்று மாலை எங்கள் பங்குச் சாமியாருக்குத் தொலைபேசியில் பேசி, நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். அம்மா இறந்த இரவையும் சொன்னேன். "சாமி, ஜெபத்தில் உட்கார்ந்தால் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. எனக்கு அந்த வரம் இல்லை போலிருக்கிறது" என்றேன். அவர் சிரித்தார்.

"உங்களுக்கு மட்டுமா? அவிலா தெரேசம்மாள் கதை தெரியுமா?" என்று கேட்டார். ஸ்பெயின் நாட்டில் 1515 முதல் 1582 வரை வாழ்ந்த புனிதை அவர். ஜெப வாழ்வைப் பற்றி அவர் எழுதிய நூல்களுக்காகவே 1970-ஆம் ஆண்டில் திருச்சபை அவரை மறைவல்லுநராக அறிவித்தது. அந்த நிலையைப் பெற்ற முதல் பெண்மணி அவர்தான். அப்பேர்ப்பட்டவரே தம் வாழ்க்கை வரலாற்றில் ஒன்றை ஒப்புக்கொள்கிறார். சில ஆண்டுகள் வரை, ஜெபத்துக்கென்று ஒதுக்கிய ஒரு மணி நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்றே அவர் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாராம். ஆனால் எழுந்து போய்விடவில்லை. "அதுதான் விஷயம்" என்றார் சாமியார்.

இன்னொன்றும் சொன்னார். எகிப்துப் பாலைவனத்தில் தவம் செய்த துறவிகளில் எவாக்ரியுஸ் என்பவர் ஒருவர். 399-ஆம் ஆண்டில் இறந்தவர். துறவியின் மனத்தைப் பிடிக்கும் சலிப்பு என்ற பேயைப் பற்றி எழுதியிருக்கிறார். அது பிடித்துவிட்டால் சூரியன் நகராதது போலவும், பகல் ஐம்பது மணி நேரம் நீண்டது போலவும் தோன்றுமாம். துறவி அடிக்கடி சன்னல் பக்கம் பார்ப்பாராம்; தம்மைப் பார்க்க யாராவது வருகிறார்களா என்று தலையை நீட்டிப் பார்ப்பாராம். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன், பாலைவனத்தில், தனிக் குடிசையில் இருந்தவர் கதை இது. நாம் ஏதாவது செய்தி வந்திருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒரு தரம் கைப்பேசியைத் திறந்து பார்க்கிறோமே, அது இதுதானே! ஆக, அலைபாயும் மனம் கைப்பேசி கொடுத்த நோய் அன்று. பழைய நோய்க்கு இப்போது சட்டைப் பையிலேயே சன்னல் கிடைத்திருக்கிறது.

அந்தத் துறவிகள் கண்ட மருந்தும் எளியதுதான். அவர்களிடம் பாடம் கேட்ட காசியான் என்ற துறவி அதை எழுதி வைத்தார். சங்கீதத்திலிருந்து ஒரு சிறு வரியை எடுத்துக்கொண்டு, நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். மனம் ஓடினால் திட்ட வேண்டாம். அந்த வரிக்குத் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான்.

கடைசியாகச் சாமியார் சொன்னார்: "முழு ஜெபமாலை வேண்டாம். ஒரே ஒரு பத்து சொல்லுங்கள். ஆனால் ஒரே நேரம், ஒரே இடம். திட்டக் கூடாது. வராதவரை இழுக்கக் கூடாது. நீங்கள் போய் முழந்தாளிடுங்கள், போதும்."

அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு இது தெரியாத பாடமா? புதிதாகக் கோடு போட்டுத் திறந்த மரம் முதல் நாளே மங்கு நிறையப் பால் விடுமா? சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதைப் பார்த்து மரம் பட்டுப் போயிற்று என்று எந்த வெட்டுக்காரராவது கத்தியைத் தூக்கிப் போடுவாரா? முறையாக வெட்டி வந்தால் சில வெட்டுகளுக்குப் பிறகு பால் கூடும். வெட்டும் நேரமும் முக்கியம். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். ஆகவேதான் பெரட்டு மணி அவ்வளவு சீக்கிரம் அடித்தது. நாளெல்லாம் வெயில் ஏறிய பிறகு, களைத்துப் போன மனத்தில் கோடு போட்டுவிட்டு, பால் வரவில்லையே என்று நான் கோபப்பட்டிருக்கிறேன்!

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு மாலையில் ஊரே வாசலில் வந்து கூடி, நோயாளிகளை இயேசுவிடம் கொண்டு வருகிறது. மறுநாள் இருட்டோடு எழுந்து அவர் தனியிடத்துக்குப் போய் ஜெபிக்கிறார். சீடர்கள் தேடி வந்து, எல்லாரும் அவரைத் தேடுவதாகச் சொல்கிறார்கள். அவருக்கும் வேலை இருந்தது. அவரையும் ஆள்மேல் ஆள் தேடினார்கள். ஆனால் ஊர் விழிக்குமுன் அவர் தந்தையிடம் பேசி முடித்திருந்தார்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. தையல் சாமான் போட்டு வைத்திருந்த டின். மறுநாள் அதைக் காலி செய்து அடுப்பங்கரை அலமாரியில் வைத்தேன். இரவு ஒன்பது மணிக்கு என் கைப்பேசியை அதில் போட்டு மூடினேன். வேறு யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவின் பாடுபட்ட சுரூபத்துக்கு முன் மெழுகுவத்தி ஏற்றி, ஒரு பத்து ஜெபமாலை சொன்னேன். ஏழு நிமிடம் ஆனது. மூன்றாம் நாள் மனைவி வந்து பக்கத்தில் முழந்தாளிட்டாள். ஒரு வாரம் கழித்துப் பேரன் வந்தான். மெழுகுவத்தியை ஊதி அணைக்கலாம் என்பதற்காகத்தான் வந்தான், இருக்கட்டுமே! மகள் வருவதற்கு ஒரு மாதம் ஆனது. ஒரு நாள் டின்னுக்குள் இரண்டாவது கைப்பேசி கிடந்ததைப் பார்த்தபோது என் கண் கலங்கியது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த டின் இரவில் அங்கேயே இருக்கும். காலையில் கோப்பித் தண்ணீர் கொதிக்கும்வரை அதைத் திறப்பதில்லை. அதுவரை அம்மா நின்றது போல நானும் நிற்கிறேன். தண்ணீருக்காகத்தான் எப்படியும் காத்திருக்கிறோம். அந்த நேரத்தில் பெயர்களைச் சொல்கிறேன். பிள்ளைகள் பெயர், நோயில் கிடக்கும் நண்பர் பெயர், அந்நாளில் எங்களுக்காகத் தம் பிள்ளைகளை அடக்கி வைத்த அத்தையின் பெயர், எதிர் வீட்டுக் கட்டட வேலைக்கு வந்து குடும்பத்தைப் பிரிந்திருக்கும் வங்காளதேசத்துப் பையனின் பெயர். பெயர் சொல்லி ஜெபித்த ஒருவரிடம் அன்றைக்கு முகம் கொடுத்துப் பேசாமல் இருக்க முடிவதில்லை. இது நான் எதிர்பார்க்காத பலன்.

ஒரு நாள் மகள் கேட்டாள்: "கைப்பேசியிலேயே ஜெபமாலை, வேதாகமம் எல்லாம் இருக்கே. அதைப் பார்த்துச் சொன்னா என்னப்பா?" நியாயமான கேள்வி. என் மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். ஞாயிறு இரவு மட்டும் டின் திறக்கும். கைப்பேசி வழியே அவனும் எங்களோடு ஒரு பத்து சொல்வான். அந்த நேரத்தில் அந்தக் கருவிக்கு நான் நன்றி சொல்கிறேன். அது வேலைக்காரனாக வந்து நிற்கட்டும். வீட்டு எசமானாக வேண்டாம். ஆனால் மனப்பாடமாக ஒன்று உள்ளே இருக்க வேண்டும் என்பதை நான் யாரும் சொல்லாமலே கற்றுக்கொண்டேன். பின்னிரவு மூன்று மணிக்கு, கை நடுங்கும்போது, உள்ளே இருப்பதுதான் உதவும்.

"எங்களுக்கு ஏழு நிமிடம்கூட இல்லையே, இரவு வேலை, பிள்ளை, சமையல்" என்று சொல்லும் சகோதரிகளுக்கு ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பிரான்ஸ் நாட்டில் 1691-இல் இறந்த சகோதரர் லாரன்ஸ் என்பவர், பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சமையற்கட்டில் வேலை பார்த்தவர். பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். ஜெப நேரத்தில் இருக்கிற அதே இறை நினைவோடு, பானை சட்டிச் சத்தத்துக்கு நடுவிலும் இருக்கலாம் என்று வாழ்ந்து காட்டினார். அவர் இறந்த பிறகு அவருடைய கடிதங்களையும் பேச்சுகளையும் தொகுத்து வெளியிட்டார்கள். மூன்று நூற்றாண்டுகளைத் தாண்டி இன்றும் படிக்கிறார்கள். செம்பனைக் குலை அறுக்கும்போதும், தொழிற்சாலைப் பேருந்தில் தலை சாய்த்திருக்கும்போதும், ஒரு வரி ஜெபம் போதும். உள்ளம் அறிந்து சொன்னால் அது வானத்துக்குப் போய்ச் சேரும்.

இப்போதும் என் மனம் ஓடுகிறது. நான்காம் மணியில் தண்ணீர்க் கட்டணம் ஞாபகம் வரும். ஏழாம் மணியில் முழங்கால் வலி ஞாபகம் வரும். திரும்பி வருகிறேன். சில நாள் ஒரு பத்துக்குள் பத்து முறையும் திரும்ப வேண்டியிருக்கிறது. திரும்பி வருவதுதான் ஜெபம் என்று இப்போது நினைக்கிறேன். சில இரவுகளில் மகளுக்கு வேலை. சில இரவுகளில் மனைவிக்கு முடியவில்லை. நான் தனியாகவும் முழந்தாளிட்டிருக்கிறேன். அம்மா அந்த அடுப்பங்கரையில் தனியாகத்தானே நின்றார்?

சென்ற தவக்காலத்தில் ஓர் இரவு, முழு ஜெபமாலை சொல்வோம் என்று பேரனே கேட்டான். இப்போது அவன் தமிழ்ப்பள்ளியில் மேல் வகுப்புக்கு வந்துவிட்டான். தாத்தா கொண்டு வந்த அந்த ஜெபமாலையைக் கையில் எடுத்து விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கினேன். பாதியில், அதே இடத்தில், அம்மாவின் முகம் கண் முன் வந்து என் தொண்டை அடைத்துக்கொண்டது. நான் நின்றுவிட்டேன். பேரன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு, நான் விட்ட வரியிலிருந்து, தடுமாறாமல், கடைசிவரை அவனே சொல்லி முடித்தான்.

எனக்கு அந்த நாள் எப்போது வரும் என்று தெரியாது. வரும்போது என் நாவு ஓய்ந்து போனாலும் என் வீட்டில் ஒரு குரல் இருக்கிறது என்ற நிம்மதி வந்திருக்கிறது. இதை வாங்க நான் ஒரு வெள்ளிகூடச் செலவு செய்யவில்லை. ஒரு பழைய டின்னும் ஏழு நிமிடமும்தான்.

தோட்டத்தில் இன்னும் இருக்கும் குடும்பங்களே, தோட்டத்தை விட்டு வந்துவிட்ட குடும்பங்களே! நம் வீட்டிலும் ஒரு காலி டின் இல்லாமலா இருக்கும்? இன்றிரவு அதைத் தேடி எடுங்கள். நாளைக் காலை கைப்பேசியைத் தொடுமுன் நெற்றியில் சிலுவை அடையாளம் இடுங்கள். அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்வரை நில்லுங்கள். பெரட்டு மணி இப்போது பல இடங்களில் அடிப்பதில்லை. அந்த மணிக்கு முன்னால் எழுந்து நின்ற நம் தாய்மாரின் நேரம் மட்டும் நமக்காக இன்னும் காத்திருக்கிறது.